இல்லை என்றும் எழுதி வையுங்கள்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "உன் துறையைப் பற்றி அரை மணி நேரம் பேசுப்பா" என்றார். என் துறை சிவில். கான்கிரீட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினால், சாப்பாட்டுப் பந்தி போடுவதற்கு முன்பே மண்டபம் காலியாகிவிடும். ஆகையால் என் துறைக்குப் பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கடற்கரையில் வேலை பார்க்கிற இன்ஜினியருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் தெரியுமா? சூழலியல்காரர்கள். நாம் கல்லைக் கொண்டுபோய்க் கடலில் போடுவோம். அவர்கள் அந்தக் கல்லில் என்ன முளைத்தது, எது வரவில்லை என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

அவர்கள் கேட்கிற கேள்வி கேட்பதற்கு ரொம்ப எளிது. எந்த உயிர் எங்கே இருக்கிறது? ஏன் அங்கே இருக்கிறது? நாளைக்கு வெயில் கூடினால் எங்கே போகும்? அவ்வளவுதான். தேரிக்காட்டில் உடை மரம் குடை பிடித்த மாதிரி நிற்கிறது. குற்றாலத்து மலை மேல் அது நிற்பதில்லை. பனை நம் பக்கம் செழிக்கிறது, கொடைக்கானலில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு வெப்பம், ஒரு ஈரம், ஒரு மண். இதை இப்போது கணக்காகவே போடுகிறார்கள். ஒரு செடியோ பிராணியோ எங்கெங்கே காணப்பட்டது என்ற பட்டியல் ஒரு பக்கம். அந்த இடங்களின் வெப்பநிலை, மழை, ஆழம், உப்பு, தரை ஆகியவை மறுபக்கம். இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்து, வருங்கால வெப்பநிலையை அதில் போட்டுப் பார்த்தால், அந்த உயிருக்கு இனி எங்கே இடம் இருக்கும் என்று ஒரு வரைபடம் வரும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 'கண்டேன்' என்று எழுதுகிறவர்கள் நிறைய. 'தேடினேன், இல்லை' என்று எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. புள்ளி இல்லாத இடத்தில் அந்த உயிர் இல்லையா, அல்லது யாருமே போய்ப் பார்க்கவில்லையா? இந்த வித்தியாசம் தெரியாமல் போடுகிற கணக்கு கால் இல்லாத நாற்காலி மாதிரி. உலகம் முழுக்க இந்த ஆராய்ச்சிக்காரர்களுக்கு உள்ள தலைவலி இதுதான்.

இங்கேதான் நம் ஊருக்கு ஒரு பெருமை இருக்கிறது. தூத்துக்குடி 'இல்லை' என்பதை எழுதி வைத்த ஊர்.

முத்துச் சிப்பியைச் சொல்கிறேன். கரையிலிருந்து பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்கு அடியில் பாறைத் திட்டுகள் இருக்கின்றன. நம் ஆட்கள் அவற்றைப் 'பார்' என்பார்கள். தொலையிரம் பார் மாதிரி ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. முத்து எடுக்கிற காலத்துக்குச் சலாபம் என்று பெயர். சலாபம் வைக்க வேண்டும் என்றால், அதற்கு முன்னால் பாரைப் பார்த்தாக வேண்டும். முக்குளிப்பவர்களை இறக்கி, சிப்பி இருக்கிறதா, எத்தனை வயதுச் சிப்பி, எவ்வளவு அடர்த்தி என்று சோதித்து, மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து முத்தை மதிப்புப் போட்டுப் பார்ப்பார்கள். தேறும் என்றால்தான் சலாபம். தேறாது என்றால், 'இந்த வருடம் இல்லை' என்று எழுதி வைத்துவிட்டுத் திரும்புவார்கள். பாருக்குப் போய்ப் பார்ப்பது அதிகாரியின் வேலை. இருந்தாலும் எழுத வேண்டும், இல்லாவிட்டாலும் எழுத வேண்டும்.

டச்சுக்காரர்கள் 1658-ல் தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்கள் யாரும் நம் கடல் மேல் பாசம் வைத்து எழுதவில்லை, காசுக்காக எழுதினார்கள். ஆனால் எழுதினார்கள். எட்கர் தர்ஸ்டன் 1894-ல் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றித் தொகுத்து வெளியிட்டார். 1902-ல் ஹெர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியர் இலங்கைப் பக்கத்துப் பார்களை ஆராய வந்தார். அவருக்கு உதவியாளராக வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பிற்பாடு சென்னை மாகாணத்தில் மீன்வளத்துறைப் பொறுப்பேற்று, நம் பக்கத்துப் பார்களைப் பற்றி 1922-ல் புத்தகமே எழுதினார்.

இந்தப் பதிவுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? 1663 முதல் 1961 வரை ஏறத்தாழ முந்நூறு வருடத்தில், நம் பக்கத்தில் சலாபம் நடந்தது நாற்பது தடவையை ஒட்டித்தான். சராசரியாக ஏழெட்டு வருடத்துக்கு ஒரு தடவை. அதுவும் ஒழுங்காக வராது. சில சமயம் தொடர்ந்து சில வருடம் கொட்டும். பிறகு ஒரு தலைமுறையே காத்திருக்கும். பார் அதே பார். ஆழம் அதே ஆழம். வீடு நன்றாக இருக்கிறது, குடித்தனம்தான் வரவில்லை!

ஏன்? சிப்பிக் குஞ்சு பிறந்ததும் பாரில் ஒட்டுவதில்லை. இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதக்கும். ஓட்டம் சரியாக இருந்தால் பாரில் வந்து இறங்கும். இல்லாவிட்டால் மணலில் இறங்கிச் சாகும். இறங்கிய பிறகும் திருக்கை மீன் தின்னும், மணல் மூடும், சூரன் என்கிற சிறு மட்டிக் கூட்டம் பாய் விரித்த மாதிரிப் படர்ந்து மூச்சை அடைக்கும். வெப்பநிலை மட்டும் சரியாக இருந்தால் உயிர் அங்கே இருந்துவிடும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு நம் பார் சொல்கிற பாடம் இது. இந்தப் பாடம் எப்படிக் கிடைத்தது? சிப்பி இல்லாத வருடத்திலும் போய்ப் பார்த்து எழுதியதால் கிடைத்தது. இருந்த வருடத்தை மட்டும் எழுதியிருந்தால், நம் கடலில் எப்போதும் முத்து கொழித்தது என்று பெருமை பேசிக்கொண்டு இருந்திருப்போம்.

1955 முதல் 1961 வரை தொடர்ந்து சலாபம் நடந்தது. அதற்குப் பிறகு இன்று வரை இல்லை. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் இதே தூத்துக்குடியில் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டார்கள். பிறகு சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உண்டாக்கிப் பார்களில் விட்டும் பார்த்தார்கள். விஞ்ஞானம் ஜெயித்தது, சலாபம் திரும்பவில்லை. அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

கடலை விட்டுச் சற்று வெளிநாட்டுக்கு வாருங்கள். அமெரிக்காவில், கலிபோர்னியாவில் ஜோசப் கிரின்னெல் என்று ஒரு விலங்கியலார் இருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவரும் அவருடைய சகாக்களும் மலை மலையாக ஏறி, எந்த உயரத்தில் எந்த எலி, எந்த அணில் இருக்கிறது என்று நோட்டுப் போட்டார்கள். எத்தனை பொறி வைத்தோம், எத்தனை இரவு வைத்தோம், எது சிக்கியது என்று எல்லாமே நோட்டில் ஏறியது. இந்தச் சேகரத்தின் முழு மதிப்பு பல வருடம், ஒருவேளை ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் தெரியும் என்று 1910-லேயே அவர் எழுதினார். அப்படியே ஆயிற்று. யோசமிட்டி மலையில் அதே இடங்களுக்கு அடுத்த நூற்றாண்டின் ஆராய்ச்சிக்காரர்கள் திரும்பப் போனார்கள். 2008-ல் முடிவு வெளிவந்தது. பார்த்த 28 சிறு பிராணிகளில் பாதி, சராசரியாக 500 மீட்டர் உயரத்துக்கு மேலே ஏறிவிட்டன. கீழே சூடு கூடிவிட்டது, மேலே போய்விட்டன. முதல் நோட்டு இல்லாவிட்டால் இது யாருக்குத் தெரியும்?

எலிக்குக் கால் இருக்கிறது, மலை ஏறியது. கால் இல்லாதது என்ன செய்யும்? இங்கேதான் நம் தீவுகளுக்கு வருகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை வரிசையாக 21 தீவுகள். 1986-ல் இது கடல் தேசியப் பூங்கா ஆயிற்று; 1989-ல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. நம் பக்கம் இருந்தவை நான்கு: வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குசல்லி. கட்டுமானக்காரர்களுக்குச் சல்லி என்றால் கான்கிரீட்டில் போடுகிற கல். இந்தத் தீவுகளின் உடம்பே பவளச் சல்லியும் மணலும்தான். சுற்றியுள்ள பவளப் பாறைதான் அலையை உடைத்துத் தீவைக் காப்பாற்றுகிறது. அந்தப் பவளத்தைப் பல வருடம் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்தார்கள். 2001-ல் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகுதான் வெட்டுவது நின்றது. அதற்குள் விலாங்குசல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவும் கடலுக்குள் போய்விட்டன. பெயரிலேயே பூவரசு இருக்கிறது, தீவு இல்லை.

காரைச்சல்லி 1969-ல் ஏறத்தாழ 21 ஹெக்டேர். 2018-ல் 6 ஹெக்டேருக்கும் குறைவு. வான் தீவு பெரும்பகுதி கரைந்து 2013-ல் இரண்டாகவே பிளந்தது. 2015 முதல் அதைச் சுற்றிக் கட்டம் கட்டமாக 10,600 கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யும், நம் ஊர் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையமும், அரசும் சேர்ந்து செய்த வேலை. அரிப்பு நின்றது, மணல் சேர்ந்தது, பாறை இடுக்கில் மீன் வந்தது. சிவில் படித்தவன் என்ற முறையில் எனக்கு அது பெருமைதான். இப்போது காரைச்சல்லிக்கும் அதே மாதிரித் திட்டம் வந்திருக்கிறது.

ஆனால் நண்பர்களே, கான்கிரீட் அலையைத் தடுக்கும். சூட்டைத் தடுக்காது. பவளம் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அது சிறு பிராணிகளின் கூட்டம். அதன் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசிதான் நிறமும் கொடுக்கிறது, சாப்பாட்டில் பெரும்பங்கும் கொடுக்கிறது. வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல் ஒரு டிகிரி கூடி, நாலு வாரம் அப்படியே நின்றால் போதும். பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும். இல்லாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும்.

நான் சொன்ன ஆராய்ச்சி நிலையத்தில் பேட்டர்சன் எட்வர்டும் அவருடைய குழுவினரும் இருபது வருடத்துக்கு மேலாகத் தீவு தீவாக மூழ்கி, டேப் பிடித்து இதை அளக்கிறார்கள். 2016 கோடைக்கு முன்னால் உயிருள்ள பவளம் தரையில் 38.9 சதவீதம் இருந்தது. அந்தக் கோடைக்குப் பின்னால் 22.7 சதவீதம். ஒரே கோடை! எல்லாம் ஒன்றாகச் சாகவில்லை என்பதையும் கவனியுங்கள். மான்கொம்பு மாதிரிக் கிளைத்த பவளங்கள்தான் அதிகம் போயின. உருண்டை உருண்டையான பவளங்கள் தாங்கின. ஆக, பவளம் குறைவது மட்டுமில்லை. எந்தப் பவளம் எங்கே இருக்கிறது என்ற கணக்கே மாறுகிறது. கிளைப் பவளம் போனால் அதன் இடுக்கில் ஒதுங்குகிற மீன் குஞ்சும் போகும். 2024-ல் உலகளாவிய நான்காவது வெளுப்பு நடப்பதாக ஏப்ரலில் அறிவித்தார்கள். உலக வெப்பம் ஒன்றரை டிகிரி கூடினால் வெப்பமண்டலப் பவளத்தில் 70 முதல் 90 சதவீதம் போகும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது.

திரேஸ்புரத்தில் சங்கு குளித்த ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "அண்ணாச்சி, கல்லு வெளுக்கிறதை முன்னால பார்த்திருக்கீங்களா?" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாத்திருக்கோம் தம்பி. தண்ணி கொதிச்சா வெளுக்கும், பொறவு தெளியும். சில இடத்துல தெளியாது. எங்கள யாரும் கேக்கல, நாங்களும் சொல்லல." நாற்பது வருடம் கடலுக்கு அடியில் பார்த்த கண். அந்தக் கண் பார்த்தது ஒரு நோட்டிலும் இல்லை. அவரை ஒத்த வயதுக்காரர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கடலுக்கு அடியில் புல்வெளியும் உண்டு, மறந்துவிடாதீர்கள். நம் ஆட்கள் ஆவுளியா என்று சொல்கிற கடற்பசு மேய்கிற புல் அது. 2022-ல் பாக் நீரிணைப் பக்கம் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். இழுவை வலையில் சிதைந்த இடங்களில், பி.வி.சி. குழாய்ச் சட்டத்தில் சணல் கயிற்றால் நாற்றைக் கட்டி இறக்கி, கடற்புல்லை மறுபடி வளர்க்கிறார்கள். நம் வயல் நடவு மாதிரிதான், தண்ணீர் மட்டும் கூடுதல். ஆனால் எங்கே நட வேண்டும்? முன்னால் புல் இருந்த இடத்தில். முன்னால் எங்கே இருந்தது? எழுதி வைத்திருந்தால் உண்டு; இல்லாவிட்டால் யூகம்தான்.

இப்போது நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன். இங்கே இருக்கிற சிவில்காரர்களுக்கு எம்.புக் தெரியும். அளவுப் புத்தகம். அதில் ஏறாத வேலைக்குப் பில் கிடையாது. மண் மூடுவதற்கு முன்னால் அஸ்திவாரத்தை அளந்து எழுத வேண்டும். மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. கடலும் அப்படித்தான். சூடு ஏறிக்கொண்டிருக்கிறது; 1951-லிருந்து 2015-க்குள் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேல்மட்டம் சராசரியாக ஒரு டிகிரி ஏறிவிட்டது என்று மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. மூடப்போகிற அஸ்திவாரம் இது. அளவு எடுக்க நமக்கு இருப்பது இப்போதைய காலம்தான்.

நம் தொழிலில் இன்னொரு பழக்கமும் உண்டு. வேலை முடிந்தால் முடிப்புச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அடுத்த சைட்டுக்குப் போய்விடுவோம். சுவருக்கு அது போதும். தீவுக்குப் போதாது. கான்கிரீட் பாறையில் பவளம் நிலைத்ததா இல்லையா என்று சொல்ல இருபது வருடக் கணக்கு வேண்டும். முக்கியமாக, 'நிலைக்கவில்லை' என்று எழுதுகிற தைரியம் வேண்டும். எந்தத் திட்ட அறிக்கையிலும் எழுதக் கை கூசுகிற சொல் அது. தேறவில்லை என்று எழுதிவிட்டுத் திரும்பிய பழைய பார் அதிகாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கஜானாவுக்கு வருமானம் இல்லை என்று தெரிந்தும் எழுதினார்களே!

பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் துறைமுகத்தில் இருக்கிறோம், அனல்மின் நிலையங்களில் இருக்கிறோம், உப்பளத்தில் இருக்கிறோம். கடல்நீரால் குளிர்விக்கிற எந்த மின் நிலையத்திலும் உள்ளே வருகிற தண்ணீரின் வெப்பநிலையை ஷிஃப்ட் தோறும் லாக் புக்கில் எழுதுகிறோம். உப்பளத்தில் தண்ணீரின் அடர்த்தியையும் மழையையும் எழுதுகிறோம். துறைமுகத்தில் ஓதமட்டம் எழுதுகிறோம். எழுதியது மிஷினுக்காகவும் உற்பத்திக்காகவும்தான். ஆனால் முப்பது வருட லாக் புக் என்பது நம் கடலின் ஜாதகம். அது பழைய பேப்பர் கடைக்குப் போவதற்கு முன்னால், மேலிடத்தில் முறைப்படி அனுமதி கேட்டு, ஒரு நகலாவது நம் கல்லூரி நூலகத்துக்கு வரும்படி செய்ய முடியுமா என்று பாருங்கள்.

தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். தீவுகளுக்கு அனுமதி இல்லாமல் போகக் கூடாது, போகவும் வேண்டாம். கரையே போதும். ஒரே இடம், ஒரே நேரம், மாதம் ஒரு நாள். ஒரு தெர்மாமீட்டரால் கடல் தண்ணீரின் சூட்டை அளவெடுங்கள். பத்து உயிர்களின் பட்டியலை முதலிலேயே முடிவு செய்யுங்கள். கரையில் ஒதுங்குகிற கடற்புல், சங்கு, நண்டு, கரையோர உடை மரம், எதுவாகவும் இருக்கட்டும். பத்துக்கு எதிரேயும் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று எழுதுங்கள். கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்றும் எழுதுங்கள். கீழே பெயரும் தேதியும் போடுங்கள். நீங்கள் படித்து முடித்துப் போகும்போது அடுத்த செட்டிடம் நோட்டை ஒப்படையுங்கள். செல்போனில் படம் எடுப்பது நல்லதுதான். ஆனால் இல்லாததைப் படம் எடுக்க முடியாது. அதற்கு எழுத்துதான் வேண்டும்.

இதனால் கடலின் சூடு குறையுமா என்று கேட்பீர்கள். குறையாது. அது உலகம் முழுவதும் எரிக்கிற நிலக்கரியையும் எண்ணெயையும் பொறுத்தது. அந்த நிலக்கரி நம் துறைமுகம் வழியாகவும் வருகிறது. அதில் நம் சம்பளமும் இருக்கிறது. மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் காரைச்சல்லியைக் காப்பாற்றினோமா இல்லையா என்று 2045-ல் ஒருவர் கேட்டால், இந்த ஊரிடம் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில் 'ஆம்' ஆக இருந்தாலும் சரி, 'இல்லை' ஆக இருந்தாலும் சரி, அளந்து சொன்ன பதிலாக இருக்க வேண்டும்.

சங்கத்தின் செயற்குழுவுக்கு என் பணிவான யோசனை இதுதான். முதல் நோட்டும் தெர்மாமீட்டரும் வாங்க ஆகிற செலவு நம் இன்றைய தேநீர்ச் செலவைவிடக் குறைவு. அதை எங்கள் செட் நண்பர்கள் ஏற்றுக்கொள்கிறோம். நோட்டைப் பாதுகாக்கிற பொறுப்பை மட்டும் கல்லூரி ஏற்றுக்கொண்டால் போதும்.